தெரியுது என்று சொல்கிற வேலை

என் வேலை உட்காருவது. புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்டால், "கார் கம்பெனியில் சோதனைப் பிரிவு" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். நான் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு காரைச் சுவரில் மோதுகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வராது. உண்மையில் பதினோரு வருஷமாக நான் செய்வதெல்லாம், நகராத காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிரரைப் பார்ப்பதுதான். பின்னால் ஒரு கம்பு தெரிந்தால் "தெரியுது" என்பேன். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

இதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவோ அனுபவமோ காரணமில்லை. உட்கார்ந்த நிலையில் என் கண் இருக்கும் உயரம், கம்பெனி அட்டவணையில் "சராசரி ஓட்டுநர்" என்று போட்டிருந்த எண்ணோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது. நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்து அளந்தார்கள். என் முறை வந்தபோது அளந்த அம்மா டேப்பை இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "கிடைச்சிட்டான்!" என்று கத்தினாள். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த ஒரே போட்டி அது. அதுவும் சராசரியாக இருந்ததற்காக.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டு தடவையும் மோதியது ஒரே மரத்தில்.

வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் என் அக்கா. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது. வேனை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் இறங்கி, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். மழையானாலும் அப்படித்தான். பிள்ளைகள் அவளுக்கு "ரவுண்டு ஆன்ட்டி" என்று பட்டம் வைத்திருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்துவிட்டாள். தனியாள். என் மனைவிக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல். இரண்டு பேரும் சேர்ந்தால் பொதுவான பேச்சுப் பொருள் நான்தான். வேறு தலைப்பு தேவைப்படுவதில்லை.

போன வருஷம் எங்கள் கம்பெனி ஒரு புது மாடல் கொண்டுவந்தது. பின்பக்கம் தூக்கிய, பார்வைக்கு எடுப்பான கார். பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் மாதிரி இருக்கும். ஓரத் தூண்கள் இரண்டும் என் இடுப்பு அகலம். ஊழியர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். அக்கா ஓட்டுவாள் என்று நானும் ஒன்று எடுத்தேன். வண்டி வந்த அன்று அக்கா அதைச் சுற்றி வந்து, பின்னால் நின்று, உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடா இது, பின்னாடி கண்ணாடி வைக்க மறந்துட்டாங்களா?"

"அதெல்லாம் அளந்தாச்சு. அளந்தது யாரு? நான்."

"நீ அளந்தியா? அதான் பயமா இருக்கு."

"அக்கா, ஆறு மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வாண்டு நின்னாலும் மிரர்ல தெரியும். கம்பெனி பேப்பர்ல என் கையெழுத்து இருக்கு."

"அப்போ இனிமே இறங்கிப் பாக்க வேணாம்ங்கற?"

"இது வேன் இல்ல அக்கா. கார். உக்காந்த இடத்துலயே பாத்துக்கலாம்."

அவள் சிரித்தாள். "சரிடா. தம்பி அளந்த வண்டி. நம்பாம இருக்க முடியுமா?"

இந்தப் பேச்சு நடந்தபோது என் மகள், எங்கள் பாப்பா, அக்காவின் இடுப்பில் இருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

*

வாண்டு என்பது எங்கள் சோதனைக்கூடத்தில் அந்தக் கம்புக்கு நாங்கள் வைத்த பெயர். ஆரஞ்சு நிறம், எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம், அடியில் சக்கரப் பலகை. நடக்க ஆரம்பித்த குழந்தையின் உயரம் என்று கணக்கு. கார் கூடத்தின் நடுவில் நிற்கும். தரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. வாண்டைப் பம்பரிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கோட்டில் அதன் தலை எனக்கு மிரரில் தெரிகிறதோ அதுதான் அந்த வண்டியின் எண். ஆறு மீட்டருக்குள் இருந்தால் தேறியது. தாண்டினால், அந்த மாடலில் எல்லா வண்டிக்கும் பின்கேமரா வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உயர்ந்த ரகத்துக்கு மட்டும் வைத்தால் போதும். நான் எடுத்தது உயர்ந்த ரகமில்லை.

வாண்டைத் தள்ளுகிறவள், என்னை முதலில் அளந்து கத்தினாளே, அதே அம்மாதான். நெட்டையானவள். தலையில் எப்போதும் மஞ்சள் தலைக்கவசம். அவளை நான் மஞ்சத்தொப்பி என்பேன், அவள் என்னைச் சராசரி என்பாள். பதினோரு வருஷத்தில் இருவரும் சொந்தப் பெயரை மறந்தே போனோம்.

விதிப்படி அவள் வாண்டை ஒரு கோட்டுக்குத் தள்ளியதும், ஓரமாக இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே போய் நின்று கையைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுபடி அவள் வந்து தள்ள வேண்டும், மறுபடி விலக வேண்டும். ஒரு வண்டிக்கு இருநூறு தடவை. முதல் வருஷம் அப்படியேதான் செய்தோம். பிறகு அவளுக்கு முட்டிவலி வந்தது. அதற்குப் பிறகு எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பசி வந்தது. ஒருநாள் அவள் விலகாமல் வாண்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "சொல்லுய்யா, தெரியுதா?" என்றாள். நானும் சொன்னேன். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. இதை நாங்கள் ஏமாற்று என்று ஒருநாளும் நினைக்கவில்லை. திறமை என்று நினைத்தோம்.

*

விபத்து நடந்த அன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி. நான் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டேன். அக்கா வண்டியை வெளியே எடுத்து நிறுத்துவதாக ஏற்பாடு. என் மனைவி பாப்பாவுக்குச் செருப்பு மாட்டி வாசலில் நிறுத்திவிட்டு, பையை எடுக்க உள்ளே போனாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

எங்கள் வீட்டு முற்றம் நீளமானது. வீட்டைப் பார்த்து நிற்கும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கேட்டுக்கு ஏழு மீட்டர். பாப்பா ஓடிப்போய்த் திறந்திருந்த கேட்டின் நடுவில் நின்றிருக்கிறாள். ஓடி ஒளிந்து விளையாட அல்ல. வேன் நிறுத்தும் இடத்தில் ஆள் நின்று "வா, வா, ரைட், ரைட்" என்று கையை ஆட்டுவதை அக்கா அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைத்தான் செய்திருக்கிறாள். அக்கா மிரரைப் பார்த்தாள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தாள், கழுத்தைத் திருப்பியும் பார்த்தாள். கேட் காலியாக இருந்தது. மெதுவாகத்தான் எடுத்தாள். என் மனைவி பையோடு வெளியே வந்து கத்தியபோது வண்டி ஏழு மீட்டரைக் கடந்திருந்தது.

தொடை எலும்பு முறிவு. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. "சின்னக் குழந்தை, கூடிடும், நடப்பா" என்று மருத்துவர் சொன்னார். அந்த வாக்கியத்தை அவரிடம் நான் நான்கு தடவை சொல்லவைத்தேன். கடைசித் தடவை அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மயக்கம் தெளிந்ததும் பாப்பா சொன்ன முதல் பேச்சு: "நான் அத்தை வண்டிக்கு வழி சொன்னேன்."

அறையின் மூலையில் நின்றிருந்த அக்கா வெளியே போய்விட்டாள்.

என் மனைவி அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு வைப்பாள். துணி துவைத்து மடித்து அக்காவின் கட்டிலில் வைப்பாள். அக்கா சமையலறைக்குள் வந்தால் இவள் கூடத்துக்குப் போவாள். பாப்பாவின் அறைக் கதவு சாத்தியே இருக்கும். உள்ளேயிருந்து "அத்தை எங்க?" என்ற குரல் வரும். பதில் வராது.

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். "அக்காவுக்குக் காபி வேணுமாம்." "காபி அடுப்புமேல இருக்காம்." பதினோரு வருஷம் உட்கார்ந்தே பழகியவனுக்கு இந்த நிற்கிற வேலை ஒத்துவரவில்லை.

ஐந்தாவது வாரம் அக்கா கண் மருத்துவரிடம் போய்வந்தாள். சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? கண்ணு கெட்டிருந்தா அதைச் சொல்லியிருக்கலாம். கண்ணு நல்லா இருக்கு, அப்போ ஆளுதான் சரியில்ல. பின்னாடி நிக்கற புள்ளயப் பாக்காம ஏத்தியிருக்கேன்." ஓட்டுநர் உரிமத்தை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். "இதை நீயே வச்சுக்கோ. நான் ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். கூட வேலை பாத்தவ வீட்டுல மாடி அறை காலியா இருக்காம்."

"பாப்பா உன்னைக் கேப்பா."

"மறந்துடுவா. ரெண்டரை வயசுல யாருடா யாரை ஞாபகம் வச்சுக்கறா?"

நான் என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் பாப்பாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "போகணும்னு அவங்க நெனச்சா நான் என்ன சொல்றது?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும்தான் பையை எடுக்க உள்ள போனேன்" என்றாள்.

*

அந்த வெள்ளிக்கிழமை சோதனைக்கூடத்தில் வேறொரு வண்டி நின்றது. சின்ன வண்டி. மஞ்சத்தொப்பி என் முகத்தைப் பார்த்து, "சராசரிக்கும் கீழ இறங்கிட்டியேய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவள் தள்ளிக்கொண்டே போனாள். மூன்று மீட்டர். மூன்றரை. நான்கு.

"தெரியுது" என்றேன்.

அவள் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தாள், பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

மிரர் காலியாக இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கூடத்தின் பின்சுவர் தெரிந்தது. தீயணைப்பான் தெரிந்தது. வாண்டு இல்லை.

"வாண்டை எங்க தள்ளிட்ட?"

"எங்கயும் தள்ளல. இங்கதான் நிக்குது. என் மூக்குக்கு எதிர்ல."

அவள் நிமிர்ந்தாள். மஞ்சள் தலைக்கவசம் மிரரில் எழுந்தது. அது எழுந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் வாண்டின் தலையும் எனக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது.

"மறுபடி குனி" என்றேன்.

"என்னய்யா விளையாடற? முட்டி..."

"குனி."

குனிந்தாள். மிரர் காலியானது. நிமிர்ந்தாள். வாண்டு வந்தது. பத்து வருஷமாக நான் பார்த்தது அவளைத்தான். ஆள் தெரிந்ததும், ஆளுக்கு முன்னால் கம்பு இருப்பது தெரிந்த விஷயம்தானே என்று கண் தானாகவே நிரப்பிக்கொண்டிருக்கிறது. என் மகளுக்குப் பின்னால் மஞ்சள் தலைக்கவசத்தோடு யாரும் நின்றிருக்கவில்லை.

நான் இறங்கினேன். மஞ்சத்தொப்பி என் முகத்தைப் பார்த்தாள், வாண்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவளுக்கு நரைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"உன் வண்டி மாடல் கிடங்குல ஒண்ணு நிக்குது" என்றாள் கடைசியில். "கொண்டாரச் சொல்றேன்."

சாப்பிடப் போகாமல் அளந்தோம். அவள் ஒவ்வொரு கோட்டிலும் நொண்டிக்கொண்டே சிவப்புக் கோட்டுக்கு வெளியே போய்க் கையைத் தூக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆறு மீட்டர் போனது. ஏழு போனது. எட்டு மீட்டர் முப்பதில்தான் ஆரஞ்சு நிறம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. பழைய பேப்பரில் என் கையெழுத்துக்கு மேலே இருந்த எண் ஐந்து மீட்டர் எண்பது.

எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனோம். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சராசரி, நீங்க வீட்டுல கஷ்டத்துல இருக்கீங்க. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்களேன்."

"எடுத்துக்கறேன் சார். நீங்க பேப்பரை எடுத்துக்கங்க."

"இதே மாதிரி இன்னும் எத்தனை மாடல் அளந்தீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஒன்பது" என்றாள் மஞ்சத்தொப்பி.

அவர் பேப்பரைப் பெட்டிக்குள் வைக்காமல் மேஜைமேலேயே வைத்து, அதன்மீது கையை வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. பெரியவங்க கேப்பாங்க. இதே வார்த்தையைச் சொல்லணும். மாத்தக் கூடாது."

"வேலை இருக்குமா சார்?" என்று கேட்க நினைத்தேன். அந்த நேரத்தில் அது ரொம்ப அற்பமான கேள்வியாகப் பட்டது. வெளியே வந்த பிறகு மஞ்சத்தொப்பி கேட்டாள்: "வேலை இருக்குமாய்யா?" இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததும் அவள் அழுதாள்.

*

வெள்ளி மாலையே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம் வாங்கியவன் இல்லையா. ஞாயிறு காலையில் அக்கா சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாப்பாவின் அறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. உள்ளே என் மனைவி இருந்தாள்.

"ஆட்டோ பத்து நிமிஷத்துல வரும்" என்றாள் அக்கா. "பாப்பா தூங்கறாளா?"

"அக்கா, ஒரே ஒரு தடவை வண்டியில உக்காரு."

"பைத்தியமா உனக்கு? நான் அதைத் தொட மாட்டேன்."

"எடுக்க வேணாம். சாவியே வேணாம். சும்மா உக்காரு. எனக்காக."

"உக்கார்றது உன் வேலைடா."

"ஆமா" என்றேன். "அதை நான் ஒழுங்கா செய்யல. நான் சொன்ன ஆறு மீட்டர் தப்பு. நீ பாக்காம ஏத்தல. அந்த வண்டியில அவ தெரியவே மாட்டா."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொல்லும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு வண்டிக் கதவைத் திறந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அவளுடைய பெட்டியை எடுத்துக் கதவு நிலையில் பாப்பாவின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். எண்பத்தொன்று. பெட்டி பதினைந்து குறைந்தது. மேலே ஒரு சின்ன வாளியைக் கவிழ்த்தேன். சரியாக வந்தது. வாளிமேல் பாப்பாவின் சிவப்புத் தொப்பியை மாட்டினேன். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பெட்டியின் கைப்பிடியில் கட்டி, கேட்டுக்கு வெளியே தெருவுக்குப் போய், எதிர்வீட்டு மதிலோரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன். என் தலை மிரரில் விழக் கூடாது. இந்தத் தடவை யார் தலையும் விழக் கூடாது.

பம்பரிலிருந்து இழுக்க ஆரம்பித்தேன். பெட்டி கடகடவென்று உருண்டது.

"மூணு மீட்டர். தெரியுதா?"

"இல்ல."

"அஞ்சு?"

"இல்லடா."

"ஆறு?"

அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பது தெரிந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "இல்ல" என்றாள். குரல் மாறியிருந்தது.

பெட்டி கேட்டுக்கு வந்தது. நடுவில் நிறுத்தினேன். பாப்பா நின்ற இடம்.

"ஏழு, அக்கா. கேட்."

"பொய் சொல்லாத. இன்னும் கிட்டதான் வச்சிருக்க."

"இறங்கி வந்து பாரு."

அவள் இறங்கினாள். வண்டியின் பின்னால் வந்து நின்றாள். கேட்டின் நடுவில் சிவப்புத் தொப்பி, வெயிலில், வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும் போல. அவள் மறுபடி போய் உட்கார்ந்தாள். "இல்ல" என்றாள். "இங்க இல்ல. ஐயோ, இங்க இல்லடா."

நான் இழுத்துக்கொண்டே போனேன். பெட்டி தெருவுக்கு வந்தது. தெருவின் பாதியைத் தாண்டியது. என் காலுக்குப் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் வந்தபோதுதான் அவள், "சிவப்பு... உச்சி மட்டும்" என்றாள். பதினொரு மீட்டருக்கு மேல். அக்கா என்னைவிடக் குள்ளம்; சராசரிக் கண்ணுக்கு அளந்த எட்டு முப்பதுகூட அவளுக்குப் போதவில்லை.

நான் முற்றத்துக்குத் திரும்பிவந்தேன். அவள் இறங்கி வண்டியில் சாய்ந்து நின்றாள். அழவில்லை.

"நம்பர் சரியா இருந்திருந்தா கேமரா வச்சிருப்பாங்க" என்றேன். "நான்தான் அக்கா. கம்பைப் பாக்காம, தள்றவளைப் பாத்துட்டு கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில சொல்லிட்டேன்."

"இருபத்திரண்டு வருஷம்" என்றாள் அவள் மெதுவாக. "தினம் நாலு தடவை இறங்கிச் சுத்தி வந்தவ நான். அன்னிக்கும் கதவுல கை வச்சேன்டா. அப்புறம், தம்பி அளந்த வண்டின்னு..." தெருவைப் பார்த்தாள். "நீ சொன்னேங்கறதுக்காக நான் ஏன் இறங்காம இருந்தேன்? உன் பேச்சை என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"அன்னிக்கின்னு பாத்துக் கேட்டேன்."

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. என் மனைவி வந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்திருக்கிறது. எங்களைப் பார்க்காமல் நேராக வண்டிக்குப் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மிரரைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள்.

"கேட்டுக்குக் கொண்டு வாங்க" என்றாள் என்னிடம்.

நான் தெருவிலிருந்து பெட்டியைக் கேட்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு ஓரமாக விலகினேன். அவள் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். எம்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் அளக்கவில்லை. பிறகு இறங்கி, நடந்து, கேட்டின் நடுவில் போய் நின்றாள். தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் ஒரு தடவை குலுங்கியது.

தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

என் மனைவி வாளியை இறக்கிவைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, உருட்டிக்கொண்டு, எங்களைக் கடந்து வாசல்வரை போனாள். படியில் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணி" என்றாள்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. அக்கா நிமிரவில்லை.

"பாப்பா முழிச்சிட்டா அண்ணி. நான் ஊட்டினா வாயே திறக்க மாட்டேங்கறா. உங்க கையால ஊட்டினாத்தான் சாப்பிடுவாளாம். சாதம் ஆறிடும், வாங்க."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பாப்பாவின் குரல் வந்தது. "அத்தை, கட்டுல படம் வரையலாமா?" அதற்கு அக்கா என்ன சொன்னாளோ, கேட்கவில்லை.

ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். "பெட்டி எங்க சார்?"

"ஆள் போகல" என்றேன்.

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன். "தப்புதான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். என் மனைவி இன்னும் படியில் நின்றிருந்தாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவளைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கேட்பாள், திட்டுவாள், வாளியை எடுத்து வீசுவாள். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

ஐந்து வாரம் அக்கா வாழ்ந்த மௌனம் இப்போது என்னிடம் வந்திருந்தது. எனக்கு உரியதுதான், முகவரி தெரியாமல் இத்தனை நாள் அவளிடம் இருந்திருக்கிறது.

வெயில் ஏறியது. நான் வாளியைக் குழாயடியில் வைத்தேன், கொடியைக் கட்டினேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மிரர் என் மனைவியின் கண்ணுக்குத் திருப்பியபடியே இருந்தது. என் உயரத்துக்கு அதில் கேட் தெரியவில்லை, தெரு தெரியவில்லை. பின் இருக்கை மட்டும் தெரிந்தது. அதில் பாப்பாவின் காலுறை ஒன்று, தடுப்பூசி நாளுக்கு முன்பு எப்போதோ கழன்று விழுந்தது, கிடந்தது.

மிரரைத் திருப்பிச் சரிசெய்யக் கை போனது. பழக்கம். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரியவர்கள் கேட்பார்கள். இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும், மாற்றக் கூடாது. மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. உள்ளே பாப்பா எதற்கோ சிரித்தாள். நான் உட்கார்ந்திருந்தேன்.